கடைசி வரிசையில் நானும் இருந்தேன்

பரவை,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகம், நீயும் அந்த லீட்ஸ் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று பூசையில் கேட்டுக்கொண்டோம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, தம்பி ஜெய்சனுக்குச் சமயநல்லூர் பள்ளியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதனால்தான்.

போன மாதம் நம் கல்லூரி மாணவர்களுக்கு நீ ஆன்லைனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பற்றிப் பேசினாயே, அன்றைக்கு நான் வீட்டில் இருந்ததாகத்தான் உனக்குத் தெரியும். இல்லை, பஸ் ஏறிப் போய், மாணவர்கள் திரையில் உன்னைப் பார்த்த அதே அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இருபத்தொன்பது வருடம் அங்கே அதே பாடத்தை நடத்தியவன் நான், எனக்கு அழைப்பு இல்லை, புதிதாக வந்த துறைத்தலைவருக்கு என்னைத் தெரியவும் தெரியாது. எடுத்த எடுப்பிலேயே நீ, நாடாளுமன்றம் என்றால் என்னவென்று எனக்குக் கற்றுத் தந்தவர் என் லீட்ஸ் பேராசிரியை ஹெலன் என்றாய். நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது வீட்டு நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டு, இது ஆளுங்கட்சி அது எதிர்க்கட்சி என்று உன்னையும் தம்பியையும் உட்கார வைத்து ஒரு மசோதா மூன்று வாசிப்பும் தாண்டிப் போவதை நடத்திக் காட்டியது யார்? அந்த அம்மாளை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனால் அன்றைக்கு அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

அதோடு நின்றதா. அங்கே நீ உன் மாணவர்களைக் காமன்ஸ் சபைக்கே கூட்டிப்போய் மேலே பார்வையாளர் கேலரியில் உட்கார வைத்துப் பாடம் நடத்துவதைச் சொன்னாய், வாசலில் எல்லோருமாக எடுத்த படத்தையும் காட்டினாய். நான் கடைசிவரை புத்தகத்தில் இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டியே காலத்தை ஓட்டினேன். பிறகு, "பழைய நோட்ஸ் சிலதுல பிரபுக்கள் சபைதான் உச்ச நீதிமன்றம்னு போட்டிருக்கும், அத அடிச்சிருங்க, ரெண்டாயிரத்து ஒம்பதுலயே தனியா உச்ச நீதிமன்றம் வந்திருச்சு" என்றாய். அரங்கமே சிரித்தது. அது என் நோட்ஸ் அம்மா. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் இன்னும் அதுதான் போகிறது, முதல் பக்கத்தில் என் பெயரோடு. ஓய்வு பெறும்வரை ஆறு வருடம் தப்பாகவே நடத்தியிருக்கிறேன். நீ தெரியாமல்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியும். ஆனாலும் உன் மேல் அன்றைக்கு வந்தது கோபம் இல்லை, பொறாமை. பெற்ற பிள்ளை மேல் அது வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

வெளியே வரும்போது தமிழ்ச்செல்வி என்று ஒரு மாணவி வந்து, "சார், நீங்க ஜெனிஷா மேடத்தோட அப்பாவா, அவங்க சாடை தெரியுது" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றேன், பரவை பஸ் மூன்று போனது, ஏறத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டே, "அவ பேசுறதக் கேக்க இம்புட்டுத் தூரம் பஸ் ஏறிப் போன மனுசனுக்கு, அப்பன்னு சொல்ல வாய் வரலையா" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஜெராக்ஸ் கடைக்குப் போய் கடைக்காரன் வெள்ளைத்துரையிடம் என் நோட்ஸின் மூலப் பிரதியைக் கேட்டேன். "எதுக்கு சார், நல்லாத்தான போகுது, பயலுக இதத்தான கேக்குறாங்க" என்றான். தப்பு இருக்கிறது என்று சொல்லி, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினேன். அடியில், திருத்தம்: முனைவர் ஆ. ஜெனிஷா என்று போட்டேன். உன் பெயரை எழுத மனசு உடனே வரவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பிறகு கல்லூரிக்குள் போய்த் தமிழ்ச்செல்வியைத் தேடிப் பிடித்து, அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டேன், அவள் என் மகள்தான் என்றேன். "அப்ப மேடத்துக்கு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா சார்" என்று கேட்டது அந்தப் பிள்ளை. கொஞ்சம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். நீ கோடையில் அங்கே வரச்சொல்லி மூன்று தடவை கூப்பிட்டாய், முழங்கால் வலி என்றேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. நான் படத்தில் மட்டுமே பார்த்த இடத்தை நீ கை நீட்டிக் காட்டிக்கொண்டு முன்னே போக, நான் பின்னாலேயே நடப்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் முந்தாநாள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டேன். அந்தப் பேராசிரியைக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்துப் போகவேண்டும் என்கிறாள் அம்மா, அதை நான் இன்னும் யோசிக்கவில்லை.

மாதா உன்னைக் கைவிடாமல் காத்து நடத்தட்டும். காதை மூடிக் குல்லா போட்டுக்கொள், ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. மறக்காமல் ஒன்று செய். நான் வரும்போது கேலரியில் உன் பக்கத்தில் வேண்டாம், உன் மாணவர்களோடு உட்கார வை. நான் கேள்வி கேட்பேன், அப்பா என்று பார்க்காமல் பதில் சொல்லு.

உன் அப்பா,
ம. ஆசீர்வாதம்