ஹ்வாங் நறுக்கிய பேரிக்காய்

அக்டோபர் 10, செவ்வாய்
சாப்பாடு முடிந்ததும் என் மனைவி சுன்-ரே வழக்கம்போலப் பேரிக்காயைத் தோல் சீவினாள். வழக்கத்தில் இல்லாதது, கூடவே ஒரு முணுமுணுப்பு. "ஸுல்-லா-இ-ஸு, ஸுல்-லா-இ-ஸு." எங்கள் நாஜு ஊர் முதியோர் கூடத்து ஆங்கில வகுப்பில் இந்த வாரம் 'நறுக்குவது'. கனடாவில் இருக்கும் பேரனோடு பேசத்தான் சேர்ந்தாள். நானே போகச் சொன்னேன்.

"வார்த்தைய நாலா உடைக்காதீங்க, ஒரே மூச்சுல ஸ்லைஸ்னு சொல்லுங்கன்னு டீச்சர் திட்டுறாங்க. ஹ்வாங் சாருக்கு மட்டும் எப்படித்தான் வழுக்கிக்கிட்டு வருதோ."

யார் அந்த ஹ்வாங்? பக்கத்து இருக்கையாம். பல் டாக்டராக இருந்தவராம். மனைவி இல்லையாம். கேட்காமலே இவ்வளவும் வந்தது.

அக்டோபர் 12, வியாழன்
வகுப்புக்கு உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு போனாள். மகள் கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

அக்டோபர் 13, வெள்ளி
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கைப்பேசியில் கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். பஸ் ஓட்டி ஓய்ந்தவனுக்கு இது தேவையா? தேவை. அவன் வாயில் வருவது என் வாயில் வராதா?

வரவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்
வியாழனன்று வகுப்பில் ஜோடி ஜோடியாக நடித்துக் காட்ட வேண்டுமாம். இவளுக்கு ஜோடி ஹ்வாங்காம். "நீங்க வராதீங்க, எனக்கு வெக்கமா இருக்கும்" என்றாள். ஹ்வாங் முன்னால் வெட்கமில்லையா? — கேட்கவில்லை.

அக்டோபர் 19, வியாழன்
போனேன். கடைசி வரிசை. இவள் நறுக்கி அவனுக்குக் கொடுக்கப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்தியை எடுத்தவன் அவன். 'உங்களுக்கு நறுக்கித் தரட்டுமா' என்று ஆங்கிலத்தில் கேட்டு, பேரிக்காயை மெல்லிசாக அரிந்து, முள்கரண்டியில் குத்தி நீட்டினான். என் பெண்டாட்டி மடியில் கை வைத்தபடி மகாராணியாகச் சாப்பிட்டாள்.

வரும் வழியில் வெடித்தேன். "அந்தாளு கையால தின்னா அவ்ளோ ருசியோ?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. "ருசிதாங்க. இதுவரைக்கும் எனக்கு யாரும் பழம் நறுக்கிக் குடுத்ததில்ல."



அக்டோபர் 21, சனி
சந்தையில் இருப்பதிலேயே பெரிய பேரிக்காயை வாங்கி வந்தேன். அவளை உட்காரச் சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தேன். "வெரல் போயிடும், இப்படிக் குடுங்க." கொடுக்கவில்லை. தோலோடு பாதிச் சதையும் போனது. துண்டுகள் ஒவ்வொன்றும் செங்கல். எல்லாவற்றையும் சாப்பிட்டாள். "ஹ்வாங் சார் இன்னும் மெல்லிசாப் போடுவாரு" என்றாள், சிரித்துக்கொண்டே. போடட்டும்.

தட்டில் மிஞ்சியது நடுக்கொட்டைப் பகுதி. எப்போதும் அதைச் சமையலறையில் நின்றபடி அவள்தான் கடிப்பாள். கேட்டால், எனக்கு அதுதான் பிடிக்கும் என்பாள். இன்று நான் எடுத்துக் கடித்தேன். புளித்தது. மணலைப்போல் பல்லில் நறநறத்தது. இதில் பிடிக்க என்ன இருக்கிறது?