பதினேழாம் டோக்கனும் அம்மாவின் அளவு ஜாக்கெட்டும்

ஜூலை 7, திங்கள்

செம்பூர் ஆபீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் மழையில் முழங்கால்வரை நனைந்துவிட்டேன். ஆனாலும் நல்ல நாள். என் தேடல் கருவி ஓட ஆரம்பித்துவிட்டது! ஒன்பது வருடத்தில் எங்கள் கம்பெனி செய்த அறுபத்திரண்டு சாஃப்ட்வேர்களின் டிசைனும் அதற்குள். புது வேலையைப் பற்றி எழுதினால், அதே மாதிரி பழைய வேலையை எடுத்துக் கொடுக்கும். வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மேனேஜர் ஆதித்யன் சார் மட்டும் அசரவில்லை. "மாசம் முடியறதுக்குள்ள டீம்ல ஒருத்தராவது தானா இதுல தேடணும். இல்லேன்னா நீ திரும்ப டெஸ்டிங்குக்குப் போயிடு" என்றார்.

போய்விடுவேனாக்கும்!

ஜூலை 9

டீமில் இருக்கிற யாசரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து தேட வைத்தேன். முலுண்டில் ஒரு சலூனுக்கு டோக்கன் ஆப் செய்கிறான். கிடைத்தது, இரண்டு வருடம் முன்பு ஒரு கிளினிக்குக்குச் செய்த டோக்கன் டிசைன். யார் செய்தது? அடியேன்தான்.

ஜூலை 11

மானம் போச்சு. சலூனில் சோதித்தபோது இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனை அழுத்த, இருவருக்கும் பதினேழாம் நம்பர். ஒரு நாற்காலிக்கு இரண்டு தாடி. யாசர் எல்லார் முன்னாலும், "அரே இசக்கி, உன் மெஷினு பழைய தப்பையும் சேத்துல்ல பார்சல் பண்ணுது" என்றான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதப்போகிறானாம்.

கிளினிக்கிலும் இதே நடந்தது. கவுன்டர் பெண் பேனாவால் திருத்திச் சமாளித்தாள். எனக்கு அப்போதே தெரியும் — டிசைனில் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஏன் எழுதல? வெக்கம். வேற என்ன.

ஜூலை 13, ஞாயிறு

சித்தி மகள் கல்யாணத்துக்கு அம்மா தைக்கக் கொடுத்து வாங்கிய புது ஜாக்கெட் அக்குளில் இறுக்குகிறது. அதைத் தைத்த, அடுத்த சந்து ஷரீஃபுன்னிசா வீட்டுக்குப் போனோம்.

"என்ன மைனி, கையத் தூக்க முடியல!"

"நீங்க குடுத்த அளவு ஜாக்கெட்டப் பாத்துத்தான தச்சேன் மைனி. ஒரு நூல் கூடல, குறையல."

"அதுவும் இறுக்கத்தான் செய்யும். நாலு வருசமா அப்படித்தான போடுதேன்."

"அத வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எதுக்குட்டி இளிக்கே?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். எதுக்குன்னா — நான் யாசருக்குக் கொடுத்ததும் இதே அளவு ஜாக்கெட்தானே.

ஜூலை 14

ஒவ்வொரு டிசைனுக்கும் கீழே புதுக் கட்டம் ஒன்று சேர்த்தேன். பெயர்: "எங்க இறுக்குது?" முதலில் என் கிளினிக் டோக்கன். "ஒரே நொடியில் இருவர் அழுத்தினால் ஒரே நம்பர் வரும். தப்பு என்னுடையது. இசக்கிசெல்வி." சார் படித்தால்? படிக்கட்டும்.

ஜூலை 17

பக்கத்து சீட் ஷாலினி கிசுகிசுத்தாள். "என் மருந்துக்கடை டிசைன்ல பிப்ரவரி 29 கிடையாது. யார்ட்டயும் சொல்லாத." சொல்ல மாட்டேன், எழுதிவிடு என்றேன். எழுதினாள்!

ஜூலை 24

எல்லாரும் எழுதுகிறார்கள். ஒருத்தரும் தேடவில்லை. டெஸ்டிங் பக்கம் ஏசி நல்லா இருக்கும்ல? சீ, என்ன பேச்சு இது.

ஜூலை 31

நாலு மணிக்கு யாசர் ஷாலினியைக் கூப்பிட்டான். இருவரும் ஆளுக்கொரு போனில் சலூன் ஆப்பைத் திறந்து, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒரே சமயத்தில் அழுத்தினார்கள். பதினேழு. பதினெட்டு. பின்னால் நின்ற ஆதித்யன் சார் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். டெஸ்டிங் பேச்சையே எடுக்கவில்லை.

கிளம்பும்போது கருவியைத் திறந்தேன். காலையில் ஒரே ஒரு தேடல், யாசர் பெயரில். என் கிளினிக் டிசைனின் கட்டத்தில், என் வரிக்குக் கீழே, தமிழ் எழுதத் தெரியாத பயல் ஆங்கில எழுத்தில் தட்டி வைத்திருக்கிறான்: "இப்ப இறுக்கல."