அரிசி மூட்டைக்குக் கீழே ஒன்பது இலைகள்

நேற்றுக் காலையில் உன் மனுசன் ரொக்ஸ்பரோவில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு கட்டு விளம்பரத் தாள். "தங்கச்சி, சோறு காய்ச்சுவம் எண்டு அரிசி மூட்டையை இழுத்தனான். கீழ இது கிடந்தது. நீங்கள் பாக்கிற பிள்ளையளின்ர போல. எறிய மனம் வரேல்லை" என்றார். உன் செத்தவீட்டுக்குச் சனம் சாப்பாடு கொண்டுவந்து குவித்ததில் இரண்டு கிழமையாக அந்த மூட்டையை ஒருவரும் தொடவில்லை.

தாளை விரித்தேன். மேப்பிள் இலைகள், சிவப்பும் மஞ்சளுமாய், சப்பளிந்து காய்ந்து கிடந்தன. மேலிருந்த மடிப்புகளில் ஒவ்வொரு பிள்ளையின் பெயராக, உன் சரிந்த எழுத்தில். படியிலேயே இருந்துவிட்டேன்.

நாம் இருவரும் பிள்ளை பார்க்கும் நம் கார்டெரியில் இலையுதிர் காலம் வந்தால், கைவேலைச் சாமான் வாங்க நீ கடைப் பக்கம் போகமாட்டாய். இலை மரத்தடியில், பசை கோதுமை மாவில், அட்டை சீரியல் பெட்டியில், பிள்ளைகள் ஒட்டும் இலை ஆந்தைக்குக் கண் போத்தல் மூடியில். இலை காயவைக்க உனக்கு நாற்பது இறாத்தல் அரிசி மூட்டை. "இதைவிட என்ன மெஷின் வேணும்?" என்பாய்.

அந்த வெள்ளிக்கிழமையை எப்படி மறப்பேன். பிள்ளைகள் நித்திரை கொள்ளும் நேரம் பார்த்து, அவர்கள் செய்த ஆந்தைகளை நான் பிய்த்துத் திருத்தமாக ஒட்டிக்கொண்டிருந்தேன். பின்னேரம் தாய் தகப்பன்மார் வருவார்களே என்ற பயம். ஒருத்தன் ஆந்தைக்குக் கண்ணை வாலில் வைத்திருந்தான். நீ வாசலில் நின்று பார்த்தாய்.

"எட்டும் ஒரே அச்சாக் கிடக்குது. பிள்ளையள் செய்ததை ஏனடி புடுங்கினனீ?"

"பாக்கிற சனம் என்ன நினைக்கும்?"

"உனக்கு ஆந்தை செய்ய ஆசையெண்டால் உனக்கெண்டு ஒண்டு செய். அதுகளின்ரயை விடு."

ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நானும் வீம்பில் போன் எடுக்கவில்லை. திங்கள் கதைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஞாயிறு காலை, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற நீ விழுந்துவிட்டாய் என்று செய்தி வந்தது. ஐம்பத்தொரு வயதில், ஒருநாள் தலையிடிகூட இல்லாத நீ. நான் போனில் "ஆர்? ஆர்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தேனாம். இன்றைக்கும் பின்கதவு திறந்தால் நீ என்றுதான் திரும்புகிறேன். என்மேல் கோபத்தோடு போய்விட்டாய் என்பதுதான் இத்தனை நாளும் என்னைத் தின்றது.

எட்டுப் பிள்ளைகளுக்கு எட்டு மடிப்பு. ஒன்பதாவது மடிப்பில் என் பெயர் இருந்தது. உள்ளே இருந்ததிலேயே பெரிய இலை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், சனிக்கிழமை வந்த விளம்பரம். சண்டைக்கு மறுநாள் எனக்கும் சேர்த்துப் பொறுக்கியிருக்கிறாய். அந்த இலையை உன் மனுசனுக்கு நீட்டிக் காட்டினேன்.

இன்றைக்குப் பசை காய்ச்சிப் பிள்ளைகளோடு சின்னக் கதிரையில் இருந்தேன். முதல்முறையாக எனக்கென்று ஓர் ஆந்தை. இலை கோணலாய்ப் போனது, கண்ணுக்கு வைத்த ஒரு மூடி வழுக்கிக் கீழே வந்தது. பரவாயில்லை, உன் இலை என்று ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த மூன்றரை வயதுக்காரி எட்டிப் பார்த்தாள். "இது வடிவில்லை" என்று சொல்லி, என் கையைத் தள்ளிவிட்டு, இலையைப் பிய்த்து நேராக ஒட்டத் தொடங்கினாள். இலை காம்போடு கிழிந்தது.

அந்தப் பிள்ளைக்கு இதைப் பழக்கினது வேறு யாருமல்ல, நான். நித்திரை என்று நினைத்தேனே, கண் திறந்து பார்த்திருக்கிறாள்.

"அது என்ர, குஞ்சு. கோணலாவே இருக்கட்டும்" என்றேன். இரண்டாம் முறை சொல்லவேண்டியிருந்தது. அவள் கையை எடுத்துவிட்டுத் தன் ஆந்தைக்கு ஐந்தாவது கண் ஒட்டப் போனாள். நான் தொடவில்லை.

நீ அன்றைக்கு "அதுகளின்ரயை விடு" என்று சொன்னதற்கு இன்றைக்குத்தான் விளங்கி ஓம் என்கிறேன். கேட்க நீ இல்லை.