துரைக்கு வெளியே போகணுமாம்

ஜூலை 4, வெள்ளி

இன்றும் கதவை உதைத்திருக்கிறான்.

மேய்ச்சல் நிலத்தைப் பூட்டி மூன்று வாரம் ஆகப்போகிறது. மழையில் அது நிலமாகவே இல்லை, வெறும் களி. ஒரு குதிரை வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட அன்றே லாயம் நடத்தும் அக்கா வாசலில் சங்கிலி போட்டுவிட்டார். தரை இறுகி, புல் பிடித்த பிறகுதான் திறப்பாராம். அதுவரை பின்னால் இருக்கும் சின்ன மணல் பட்டியில் ஒவ்வொரு குதிரைக்கும் அரை மணி நேரம், அதுவும் தனித்தனியாக. மீதி நேரமெல்லாம் கொட்டடிதான்.

வயசான குதிரைகளுக்கு இது ஓய்வு. என் குதிரை துரைக்கு மூன்று வயதுதான். நாளெல்லாம் நாலு சுவருக்குள் நில்லுங்கள் என்றால் நிற்பாரா? கதவை உதைக்கிறார், தண்ணீர் வாளியைக் கவிழ்க்கிறார், போகிறவர் வருகிறவர் தொப்பியைப் பறிக்கிறார்.

"இன்னொரு பலகை உடைஞ்சா நீ வேற இடம் பாத்துக்கம்மா" என்றார் அக்கா. இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு லாயமே கிடையாது. வேறு இடம் பார் என்றால் விற்றுவிடு என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும்.

ஜூலை 6, ஞாயிறு

ஒரு வழி தோன்றியிருக்கிறது. வகுப்பு இல்லாத நேரத்தில் பயிற்சிக் கூடம் காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே குதிரையை அவிழ்த்துவிடக் கூடாது, ஆனால் கயிற்றில் பிடித்து வேலை வாங்கலாம். நான் நடுவில் நின்று நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் அவன் என்னைச் சுற்றி வட்டமாக ஓடுவான். களைத்துப் போகிறவரை ஓடட்டும். களைத்தவன் எதை உதைப்பான்?

ஜூலை 8, செவ்வாய்

பலித்தது! ஓட்டம் முடிந்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். கதவுப் பக்கமே போகவில்லை. வீட்டுக்கு வந்து பெருமையடித்தேன். இவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "எங்கம்மா கூட உன்னை இவ்ளோ அலைய விட்டதில்ல. நாலு கால்ல ஒரு மாமியாரைத் தேடிப் பிடிச்சிருக்கே."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை 12, சனி

செவ்வாய்க்கிழமை ஓடிய அளவு இப்போது போதவில்லை. இன்னும் கொஞ்சம் ஓடவிட்டேன். பாவம், இவ்வளவு ஓடுகிறானே என்று ஓட்ஸும் ஒரு கை கூடுதலாகப் போட்டேன். எனக்குத்தான் தலை சுற்றுகிறது.

ஜூலை 15, செவ்வாய்

கடித்துவிட்டான். கயிறு மாட்டப் போனால் முழங்கைக்கு மேலே ஒரே கவ்வு. வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதைவிடக் கோபம். உன்னால்தானே விடியுமுன் எழுந்து ஓடிவருகிறேன், எருமை மாடே, என்று ஒரு குதிரையைப் பார்த்துத் திட்டினேன்.

நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில், வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு அரைக்கைச் சட்டையில் இதை எப்படி மறைப்பது? டாக்டர் பார்த்துவிட்டார். "என்ன, நாயா?" என்றார். குதிரை என்றேன். கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "வரிசை அருமையா இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார். அவர் கவலை அவருக்கு.

ஜூலை 19, சனி

ஒரு மணி நேரம் ஓடினான். வியர்க்கக் கூட இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

லாடக்காரர் வந்தார். முன்னங்கால் இரண்டும் எப்படியோ முடிந்தது. பின்னங்காலைத் தூக்கினால் துரை நடனமாடுகிறார். மூன்று முறை முயன்று, ஆணிகளை மண்ணிலிருந்து பொறுக்கி, கடைசியில் எப்படியோ அடித்து முடித்துவிட்டு அந்த மனுஷர் சொன்னது: "இதுக்கு மேல என்னால முடியாதும்மா. அடுத்த தடவை மயக்க மருந்து குடுத்துட்டுக் கூப்பிடு. அவனுக்கு இல்லன்னா எனக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

உடைந்தேவிட்டது. கீழ்ப் பலகை இரண்டாகப் பிளந்து, அவன் கால் அதற்குள் மாட்டி, ஒரே களேபரம். நான் போவதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். கணுக்கால் வீங்கியிருக்கிறது.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் டைம் தரேன். மனசுல வச்சுக்காதே, எனக்கு இங்க எல்லாக் குதிரையும் முக்கியம்" என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தானே சொல்வேன்.

வீடு வரும்வரை அடக்கி வைத்திருந்தேன். செருப்பைக் கழற்றும்போது அழுதுவிட்டேன். இவ்ளோ பாடுபட்டும் இப்படின்னா நான் வேற என்னதான் செய்யறது? யாராவது சொல்லுங்களேன்.

ஜூலை 29, செவ்வாய்

சொல்லிவிட்டார்கள்.

குதிரை டாக்டர் கால் பார்க்க வந்தாள். சின்னப் பெண், என் மகளைவிட ஏழெட்டு வயசு பெரியவளாக இருந்தால் அதிகம். வீக்கம் உதைத்ததால் மட்டும் இல்லையாம். தினமும் என்ன வேலை கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். பெருமையாகத்தான் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, நீங்க அவனைக் களைப்பாக்கல. தம் கூட்டி விட்டுட்டீங்க. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போனா பந்தயத்துல விடலாம்."

ஓட ஓடப் பலம் ஏறியிருக்கிறது. பலம் ஏறியதும் நான் இன்னும் ஓடவிட்டேன். போதாததற்கு அடுப்பில் விறகு தள்ளுகிற மாதிரி ஓட்ஸ் வேறு. எலும்பு முற்றாத வயதில் ஒரே வட்டத்தில் இப்படிச் சுற்றினால் கால் போய்விடுமாம். வலியும் சேர்ந்துகொண்டதால்தான் கடித்திருப்பானாம்.

மூன்று வாரமாக விடிகாலையில் எழுந்து, என் குதிரையை நானே கெடுத்திருக்கிறேன். அக்கறையாக. நேரம் தவறாமல்.

அவள் சொன்னது: ஓட்ஸை நிறுத்து. காய்ந்த புல்லைச் சின்னக் கண் வலையில் கட்டித் தொங்கவிடு, நாள் முழுக்க இழுத்து இழுத்துத் தின்னட்டும். வீக்கம் வடிந்ததும் கையில் பிடித்துத் தெருவில் நடத்து, மனசுக்கு வேலை கொடு. "முக்கியமா, அவனுக்குக் கூட ஒரு ஆள் வேணும். பட்டியில ஜோடியா விட்டா ரெண்டு குதிரைக்கும் ஒரு மணி நேரம் ஆச்சே."

கணக்கு எனக்குப் புரிகிறது. இந்த ரவுடியோடு தன் குதிரையை விட யார் சம்மதிப்பார்கள்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

யாரும் சம்மதிக்கவில்லை. ஒருத்தர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், அது இன்னும் மோசம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நடை தொடங்கியாகிவிட்டது. குப்பைத் தொட்டியைப் பார்த்துப் பயம். கொடியில் காயும் போர்வையைப் பார்த்துப் பயம். ஒரு பெரியவர் குடையை விரித்தார், அவ்வளவுதான், துரை பின்னால் போய் ஒரு காரின் மேல் உட்காராத குறை. ஐந்து நிமிஷத்தில் போகிற தெருவுக்கு அரை மணி நேரம்.

உதைப்பது குறையவில்லை. ஓட்டத்தை நிறுத்தியதில் கூடியிருக்கிறது. ரெண்டு வாரம் பொறுங்கள் என்கிறாள் டாக்டர். பொறுக்கிறதுக்கு எனக்கென்ன, மாசம் பொறுக்குமா?

ஆகஸ்ட் 11, திங்கள்

மகள் கேட்டாள், "ஏம்மா, வித்துட்டா நிம்மதிதானே?"

நிம்மதிதான். நாற்பது வயசில் முதல் முறையாக எனக்கென்று ஒன்று வாங்கினேன், அது போனால் எல்லோருக்கும் நிம்மதிதான். இதை அவளிடம் சொல்லவில்லை. பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகத் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

லாயத்தில் குழந்தைகள் ஏறிப் பழகும் மட்டக்குதிரை ஒன்று உண்டு. அக்காவின் சொந்தக் குதிரை, செல்லப் பெயர் உருண்டை. ஊரிலேயே சாது என்று பெயர் வாங்கியவன். இன்று வகுப்பின் நடுவே ஒரு குழந்தையை மணலில் இறக்கிவிட்டு வாசல் பக்கம் ஓடிவிட்டான். அடி ஒன்றுமில்லை. ஆனால் அக்கா முகம் போன போக்கு!

அடைத்துப் போட்டால் சாதுவுக்கும் பைத்தியம் பிடிக்கும் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவரே சாயங்காலம் என் பக்கம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், கதவின் புதுப் பலகையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"உன்னோடதுக்கும் உருண்டைக்கும் பின்னங்கால் லாடத்தைக் கழட்டச் சொல்லு. இரும்பு இல்லாம உதைச்சா வெறும் வீக்கத்தோட போகும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைதான் ஜோடியா விட்டுப் பார்ப்பேன்."

லாடக்காரரிடம் போனில் கெஞ்சிக் கூத்தாடி வரச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

லாடம் கழன்றதிலிருந்து இரண்டு நாளாகப் பட்டியின் நடுவே வேலி கட்டி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மூக்கோடு மூக்கு வைத்துக் கீச்சென்று கத்தல். இன்று வேலியை எடுத்தோம்.

துரை பாய்ந்து போனான். உருண்டை நிதானமாகத் திரும்பி, பின்புறத்தைக் காட்டி, நெஞ்சிலேயே ஒன்று விட்டான். அக்கா கயிற்றோடு உள்ளே இறங்கிவிட்டார். இரண்டும் பட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடின, பல்லைக் காட்டின, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. "போதும், பிடி, பிடி!" என்று கத்தினேன். "இருடி" என்றார் அக்கா. என்னை 'டி' போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை.

பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் படுத்து மணலில் புரண்டன. எழுந்தன. தும்மின. துரை நெஞ்சில் ஒரு வீக்கம், உருண்டை பிடரியில் ஒரு கொத்து முடி இல்லை. அவ்வளவுதான் சேதம்.

அக்கா வேலியைத் திரும்பக் கட்டாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். நாளைக்கும் கொண்டுவா என்றுதானே அர்த்தம்? அல்லது நானாகவே நினைத்துக்கொள்கிறேனா?

ஆகஸ்ட் 22, வெள்ளி

இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கொட்டடிக்கு மாற்றிவிட்டார்கள். இடையில் கம்பித் தடுப்புதான். நடுவே மேல் கம்பி இரண்டைக் கழற்றி வைத்திருக்கிறார் அக்கா, தலையை நீட்டிக்கொள்ளட்டும் என்று. அந்தக் கம்பியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. கண் பட்டுவிடப் போகிறது.

குப்பைத் தொட்டியைத் தாண்டிவிட்டோம். குடை இன்னும் ஆகாது.

ஆகஸ்ட் 30, சனி

நேற்றிலிருந்து காய்ச்சல். எழுந்தால் தரை ஆடுகிறது. நேற்று காலையும் போகவில்லை, இன்றும் போகவில்லை. அவனுக்கு நடை இல்லை, ஒன்றுமில்லை. நாளை மாசம் முடிகிறது. இத்தனை பாடும் இந்த இரண்டு நாளில் கெட்டுவிடும், பலகை, கதவு, நிலை எல்லாம் பெயர்ந்து கிடக்கும் என்று படுத்தபடியே நினைத்து நினைத்து, கடைசியில் அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டேன்.

"எதுக்குடி?" என்றார். "ரெண்டும் பட்டியில இருந்து இப்பதான் வந்துது. ஒருத்தன் முதுகை ஒருத்தன் சொறிஞ்சுக்கிட்டு நிக்கறானுங்க."

"கதவு?"

"கதவுக்கு என்ன? நீ நல்லா ரெஸ்ட் எடு. அடுத்த வாரம் லாடக்காரர் வர்றாரு, துரை பேரையும் எழுதி வச்சிருக்கேன்."

அடுத்த வாரம் என்றால் அடுத்த மாசம். போனை வைத்துவிட்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. மகள் ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இதற்குத்தானே நாயாய் அலைந்தேன். இருந்தாலும் முழுசாக ரெண்டு நாள் என்னைக் காணோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, லேசாகவாவது அந்தக் கதவை உதைத்திருக்கலாம், தடிப்பயல்.