பறை தட்டினவன்

மச்சான்,

நேற்று உன் செத்தவீட்டு வாசலில் பறைக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காயவைத்தார்கள். அந்தக் கருகல் மணம் இன்னும் என் கையில் இருக்கிறது. இதை எழுதி முடிக்கும்வரை கழுவப்போவதில்லை.

நீ போய்விட்டாய் என்று எனக்கு அழுகை வரவில்லை. மாமாவின் மகன் என்ற முறைக்குத்தான் வந்தேன். ஆறு வருடமாக முகம் பார்த்துக் கதைக்காதவன், செத்தபிறகு உன்னோடு கதைப்பது வெட்கக்கேடுதான். என்றாலும் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

இதே மணத்தை நாம் இருவரும் முகர்ந்த பின்னேரம் ஒன்று உண்டு. ஸ்கந்தபுரத்தில் எனக்குப் பெண் பேசி முற்றாக்கப் போய்க்கொண்டிருந்தோம். ஓமந்தை தாண்டி பஸ் பழுதானது. தெருவோரத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர் அடங்கிய சியாரம். அதன் முற்றத்தில் பச்சைத் தலைப்பாகை கட்டிய பக்கீர்களான பாவாமார் வட்டமான மேளங்களை ஓலை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார்கள். "இதென்ன சாமான்?" என்று கேட்டவன் நீ. "தகரா, தம்பி. ராத்தீபு ஓதேக்க அடிக்கிறது," என்றார் மூத்த பாவா. உன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

அடி தொடங்கியது. தோளோடு தோள் ஒட்டி நின்று முன்னும் பின்னும் ஆடினார்கள். என் கால் என் சொல் கேட்கவில்லை. பாவா என்னை வரிசையில் இழுத்துவிட்டு ஒரு தகராவையும் கையில் தந்தார். பிழைபிழையாகத்தான் அடித்தேன். அவர்கள் ஆண்டவனைத் தங்கள் பாஷையில் கூப்பிட, நான் முருகா என்றேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை. நீ என் சால்வையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றாய்.

பஸ்ஸில் ஏறியதும், "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் மச்சான், பயப்பிடாதை," என்றாய். நான் பயப்படவே இல்லையே! அப்போதே உன்னை விளங்கியிருக்க வேண்டும்.

ஏன் பிந்தினீர்கள் என்று பெண்ணின் தகப்பன் கேட்டார். பஸ் பழுது என்றால் போதும். நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய்: "மாப்பிளை வழியிலை பறை தட்டிப்போட்டெல்லோ வாறார்."

தேத்தண்ணியோடு வந்த பெண் அப்படியே உள்ளே திரும்பினாள். தகப்பன் கதிரையை விட்டு எழுந்தார். "பறை தொட்டவனுக்கு என்ரை வீட்டிலை பொம்பிளை இல்லை."

"ஐயா, அது பறை இல்லை!" என்று கெஞ்சினேன். உன்மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி அந்தக் கெஞ்சலுக்கானது. பறை என்றால்தான் என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேவலத்தையும் நீதான் எனக்கு வாங்கித் தந்தாய்.

அதன்பிறகு பெண் கேட்டு நான் போகுமுன்னரே அந்தக் கதை ஒவ்வொரு வீட்டுக்கும் போனது. இன்றைக்கும் நானே சமைத்து நானே சாப்பிடுகிறேன்.

நேற்று உன்னைத் தூக்குமுன் பறைக்காரரிடம் போய்க் கையை நீட்டினேன். "வேண்டாமய்யா, ஆக்கள் பாக்கினம்," என்றார்.

"பாக்கத்தான் வேணும். தாங்கோ."

தோளில் மாட்டினேன். "கையை எடடா!" என்று உன் தமையன் கத்தினார். எடுக்கவில்லை. உன் பாடை படலையைத் தாண்டும்வரை அடித்தேன். பாவாமாரின் அடிதான், இப்போதும் பிழைபிழையாக.

நீ சொன்ன பொய்யை நேற்று நான் உண்மையாக்கிவிட்டேன். போ மச்சான், போகிற இடத்திலும் சொல்லு.