துப்பின மாத்திரை

என் முதுகுவலிக்காரருக்கு,

சாவி செருப்பு அலமாரி மேல இருக்கு. மத்தியானம் சாப்பிட வரும்போது குழம்பை மட்டும் சூடு பண்ணிக்கோங்க.

எனக்கு முழங்கால் வலின்னதும், உங்க முதுகுக்கு டாக்டர் எழுதின வீரியமான மாத்திரைல ஒண்ணைக் குடுத்தீங்க. நான் அதை வாஷ்பேசின்ல துப்பினதைப் பார்த்துட்டு ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க. ராணுவத்துல இருக்கிறவ அடுத்தவர் பேர்ல எழுதின மாத்திரையை முழுங்கக் கூடாதுங்க. "கட்டின புருஷன் அடுத்தவனா?"ன்னு கேட்டீங்க. மாத்திரை விஷயத்துல அடுத்தவர்தான்.

இப்பதான் முகாம்லேர்ந்து போன் வந்துது. எங்க பிரிவுல எல்லாருக்கும் இன்னிக்குத் திடீர்னு, போதைமருந்து எடுத்திருக்கோமான்னு பார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனையாம். எனக்குத் தலைகால் புரியல. ஒண்ணுக்குப் போறதுக்கு இவ்வளவு சந்தோஷமா வீட்டை விட்டுக் கிளம்பினவ உலகத்துலயே நானாத்தான் இருப்பேன். அன்னிக்குத் துப்பலைன்னா உங்க மாத்திரை இன்னிக்குப் போதைமருந்தாக் காட்டியிருக்கும், என் வேலைக்கே உலை வெச்சிருப்பீங்க, பாசக்காரரே.

பரிசோதனை முடிஞ்சதும் எங்க டாக்டர்கிட்ட முழங்காலைக் காட்டறேன். அவரும் அதே மாத்திரையை எழுதிக் குடுத்தா நீங்க சிரிக்கக் கூடாது.

இடம் இல்ல, ஓரத்துல எழுதறேன்: சாயங்காலம் சீக்கிரம் வந்து என் முழங்காலை அமுக்கி விடுங்க. அதுக்கு எந்த டாக்டர் சீட்டும் வேண்டாம்.