மகேஸ் அக்காவுக்கு, உங்கட வான் நடுவழியில நிண்ட கதை

அன்புள்ள மகேஸ் அக்கா,

உங்களை நான் ஒருநாளும் நேரில கண்டதில்லை. மாலை போட்ட படத்திலதான் தெரியும். நீங்கள் விட்டுப்போன மனுசனைத்தான் நான் கட்டியிருக்கிறன். அக்கா எண்டு கூப்பிடாமல் உங்களை வேற என்ன எண்டு கூப்பிட?

போன கிழமை நடந்ததை உங்களுக்குத்தான் சொல்லவேணும். வேற ஆருக்கும் சொன்னால், செத்துப்போன மனுசியோட இவளுக்கென்ன எரிச்சல் எண்டு சிரிப்பினம்.

உங்கட வான் வண்டி இன்னும் இருக்கு. சண்டை தொடங்கினவுடன ஊருக்கு ஓடின வெள்ளைக்காரச் சோடி ஒண்டு விட்டிட்டுப் போன அதே வான்தான். உள்ளுக்குள்ள கட்டில், அடுப்பு, சின்ன அலுமாரி எல்லாம் அப்பிடியே கிடக்கு. பாதை திறந்திருந்த காலத்தில நீங்கள் ரெண்டுபேரும் அதில நிலாவெளிக்குப் போய், கடற்கரையில படுத்தெழும்பி வந்த கதையை அவர் எத்தினை தரம் சொல்லியிருப்பார்! எனக்கு அந்த வானில வாய்ச்சது சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போற ஓட்டம்தான். இப்ப நிலாவெளிப் பக்கம் ஆர் போகவிடுறான்? நீங்கள் தைச்ச பூப்போட்ட திரைச்சீலை கிழிஞ்சு தொங்குது. புதுசு தைக்கட்டோ எண்டு கேட்டன். "கிடக்கட்டும், தவம்" எண்டார். அதுக்குப் பிறகு நான் கேக்கேல்லை.

கிளட்ச் பழுதாகி வானைக் கராஜில விட்டிருந்தம். கிண்ணியாவில இருந்து வாற நிசார் நானாதான் எஞ்சினை இறக்கி வேலை செய்து திரும்ப ஏத்தினவர். நாங்கள் ரெண்டுபேரும் வானை எடுக்கப் போன அண்டைக்கு ஊரடங்கு வெள்ளனப் போடப்போறாங்கள் எண்டு கதை. கிண்ணியாவுக்குக் கடைசிப் படகைப் பிடிக்க நானாவுக்கு அந்தரம். இவர் சாவியைத் திருப்ப 'டிக்' எண்ட சத்தம் மட்டும்தான் வந்தது.

"பற்றரி இறங்கிப்போச்சு, தம்பி. தள்ளி எடுங்கோ, ஓட ஓடச் சார்ஜ் ஏறும்" எண்டு சொல்லிப்போட்டு நானா வெளிக்கிட்டார். கராஜில நிண்டவை தள்ளிவிட, எஞ்சின் பிடிச்சுது.

ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறுற இடத்துச் சென்றிக் காவலரணில நேவிக்காரர் மறிச்சினம். எஞ்சினை நிப்பாட்டச் சொல்லி, உள்ளுக்கெல்லாம் கிண்டிப் பாத்திட்டுப் போகச் சொல்லிச்சினம். சாவியைத் திருப்பினால் திரும்பவும் 'டிக்'.

அவங்களுக்குப் பெரியவன் ஒருத்தன் வந்தான். "இங்க வாகனம் நிக்க ஏலாது. துறைமுகம் பக்கத்தில. எடுக்கேல்லையெண்டா வானும் ஆளும் உள்ளுக்கு."

உள்ளுக்குப் போன ஆம்பிளையள் எப்ப வெளியில வருவினம் எண்டு ஆருக்கக்கா தெரியும்? முன்னுக்கு ஏத்தம். தள்ளுறதுக்கு ஆக்களைக் கூப்பிடவும் விடேல்லை.

அவர் லைற்றைப் போட்டுப் பாத்தார். பளிச்செண்டு எரிஞ்சுது. "பற்றரி நல்லாத்தானே கிடக்கு" எண்டார். பிறகு ஸ்டியரிங்கில தலையைச் சாய்ச்சு, மெல்லமா, "மகேஸ்" எண்டார்.

பக்கத்தில இருக்கிறது நான். துவக்கோட ரெண்டுபேர் கண்ணாடிக்கு வெளியில நிக்கினம். அப்பவும் அவரின்ர வாயில வந்தது உங்கட பேர். உண்மையாச் சொல்லுறன், அந்த நிமிசம் எனக்கு இருந்த பயமெல்லாம் எங்கையோ போட்டுது. கதவை அடிச்சுச் சாத்திப்போட்டுப் பின்னால போய் எஞ்சின் மூடியைத் திறந்தன். எனக்கு எஞ்சினைப் பற்றி ஒரு சாமானும் தெரியாது. அவருக்குப் பக்கத்தில இருக்கப் பிடிக்கேல்லை, அவ்வளவுதான்.

"இன்னொருக்காத் திருப்புங்கோ" எண்டன்.

'டிக்.' ரப்பர் எரியிற மணம் வந்தது. மெல்லிய கம்பி ஒண்டிலயிருந்து புகை. தொட்டுப் பாத்தன், விரல் சுட்டுப்போச்சு.

"இஞ்ச வாங்கோ. ஒரு கம்பி கொதிக்குது."

வந்து பாத்தார். "இது அக்சிலேற்றர் கம்பியெல்லோ. இது ஏன் சுடுது?" எண்டு கொஞ்ச நேரம் யோசிச்சார். பிறகு வானுக்குக் கீழ பூந்தார். கீழயிருந்தே கதைச்சார். "எஞ்சினை வான் உடம்போட இணைக்கிற எர்த் பட்டி தொங்குது, தவம். நானா பூட்ட மறந்திட்டார். கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அந்த மெல்லிசுக் கம்பியால போகுது. ஓடுறதுக்கு அது போதும், ஸ்டார்ட்டருக்குக் காணாது. ஒரு போல்ட் தா, கெதியா."

நான் ஸ்பனரோட உள்ளுக்கு ஏறினன். அலுமாரிக் கதவில அந்த அளவு போல்ட் ஒண்டு இருந்தது. கண்டனான். ஆனால் கட்டில் காலில இருந்ததைத்தான் கழட்டினன். கட்டில் ஒரு பக்கம் 'தொம்' எண்டு இறங்கிச்சுது. அந்தச் சத்தம் எனக்கு இனிச்சுது அக்கா.

போல்ட்டைப் பூட்டிச் சாவியைத் திருப்ப, எஞ்சின் உடன பிடிச்சுது. போகச் சொல்லிக் கையைக் காட்டினாங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் கட்டிலைக் கண்டார்.

"இதையோ கழட்டினனீ? அலுமாரியில இருந்ததே."

"கண்டனான்."

"அவளின்ர கட்டில் எண்டு தெரிஞ்சுகொண்டு?"

"ஓம், தெரிஞ்சுகொண்டுதான். துவக்குக்கு முன்னாலயும் உங்களுக்கு அவவின்ர பேர்தானே வந்தது?"

கட்டின நாளிலயிருந்து என்னோட ஒருநாளும் சத்தம் போட்டுக் கதைக்காத மனுசன் அண்டைக்குக் கத்தினார். நானும் கத்தினன். பக்கத்து வீட்டுச் சனம் வேலியால எட்டிப் பாத்துது. உங்களோட அவர் பிடிச்ச சண்டையளைச் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லேக்க, எனக்கு அதிலயும் பொறாமைதான் வாறது. இப்ப எனக்கும் ஒண்டு கிடைச்சிருக்கு.

கத்தி முடிஞ்சு வான் படியில இருந்தார். பிறகு நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னார்: "என்னைக் கொண்டுபோனா நீ தனிய நிப்பாய். இவளைப் பாத்துக்கொள் எண்டு அவளிட்டைச் சொன்னனான். வேற ஆரிட்டைச் சொல்ல?"

நான் குசினிக்குள்ள போய் நிண்டு அழுதன். அழுதாலும் எரிச்சல் முழுக்கப் போகேல்லை. என்னை ஒப்படைக்கிறதுக்கும் அவர் உங்களிட்டைத்தானே வாறார்? அண்டைக்கு அவர் கேட்டது உங்களுக்குக் கேட்டதோ அக்கா? கேட்டுத்தான் அந்தக் கம்பியில என்ர கையை வைக்க வைச்சீங்களோ?

வாற மாதம் உங்கட திவசம். உங்களுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் எண்டு அவரிட்டைக் கேட்டு, அவர் உங்கட கதை சொல்லி முடிக்குமட்டும் எழும்பிப் போகாமல் இருந்து, என்ர கையால சமைச்சுப் படைப்பன். இது சத்தியம். பொறாமைப்படமாட்டன் எண்டு மட்டும் சத்தியம் பண்ண ஏலாது.

அவர் உங்களிட்டை ஒப்படைச்ச தங்கச்சி,
தவமணி